ஒரு பிக்கப் வண்டியும் மூன்று ஓட்டைகளும்

முதலில் மோப்பம் பிடித்தது என் மகள். “அப்பா, அடுப்படியில பெட்ரோல் வாடை அடிக்குது” என்றாள். 2024 நவம்பர் முதல் வாரம். எங்கள் வீட்டில் கேரேஜும் சமையலறையும் ஒட்டியே இருக்கின்றன, நடுவில் ஒரே ஒரு கதவு. புல் வெட்டும் இயந்திரமாக இருக்கும் என்று நினைத்து அதை வெளியே தள்ளினேன். பெட்ரோல் கேனைத் தோட்டத்துக் கொட்டகைக்குக் கொண்டுபோனேன். வாடை போகவில்லை. நான்கு நாள் கழித்து என் பிக்கப்பில் செக் எஞ்ஜின் விளக்கு எரிந்தது. அப்போதும் இந்த இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்தின் வடக்கில், கிளீவ்லாந்துக்கும் ஆக்ரனுக்கும் இடையில். வண்டி 2003 மாடல், வி8 எஞ்ஜின். பத்து வருஷத்துக்கு முன்பு பழைய வண்டியாகவே வாங்கினேன். தோட்டத்துக்கு மண், குளிருக்கு விறகு, நண்பர்கள் வீடு மாற்றும்போது கட்டில் பீரோ என்று சுமக்காத சுமை இல்லை. ஈஸ்டரை ஒட்டி கிளீவ்லாந்தில் 1978 முதல் நடந்துவரும் தியாகராஜ ஆராதனைக்கு வருகிறவர்களின் பெட்டி படுக்கைகளையும் அதில் ஏற்றியிருக்கிறேன். எங்கள் வட்டாரத்தில் யாருக்காவது ஒரு பெரிய சாமான் நகர வேண்டுமென்றால் முதல் போன் எனக்குத்தான் வரும். அந்த வண்டி நின்றுபோகக் கூடாது என்பது எனக்கு முக்கியம்.

1996 மாடலிலிருந்து அமெரிக்காவில் விற்கிற கார்களுக்கும் சிறு டிரக்குகளுக்கும் ஓபிடி-2 என்ற கண்காணிப்பு ஏற்பாடு கட்டாயம். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் வாயில் சின்ன ரீடர் ஒன்றைச் செருகினால், விளக்கு ஏன் எரிகிறது என்று எண்ணாகச் சொல்லிவிடும். எனக்குக் கிடைத்தது பி0455. ஆவி அடக்கும் அமைப்பில் பெரிய கசிவு என்று பொருள். வீட்டில் அடித்த வாடை எங்கிருந்து வந்தது என்று அந்த நிமிஷம்தான் புரிந்தது.

பெட்ரோல் ஆவியில் பென்சீன் இருக்கிறது. புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருள். என் பிள்ளை உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும் மேசைக்கும் அந்த டேங்குக்கும் நடுவே இருபதடிகூட இல்லை. அன்றிரவே வண்டியை வெளியே தெருவோரம் நிறுத்தினேன். இதைப் படிக்கும் யாருக்காவது இப்படி வாடை வந்தால் முதல் வேலை அதுதான். ரிப்பேரெல்லாம் பிறகு.

இந்த அமைப்பு ஏன் வந்தது என்று தெரிந்துகொண்டால், விளக்கு எரியும்போது எரிச்சல் வராது. 1943 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தைக் கண்ணெரியும் புகைமூட்டம் கவிந்துகொண்டது. போர்க்காலம் என்பதால், ஜப்பான்காரன் விஷவாயு அடித்துவிட்டான் என்றுகூடச் சனங்கள் பயந்தார்களாம். அந்தப் புகைமூட்டம் எப்படி உண்டாகிறது என்பதை 1950களின் தொடக்கத்தில் கண்டுசொன்னவர் ஹாகன்-ஸ்மிட், கால்டெக்கில் இருந்த டச்சு வேதியியலாளர். அன்னாசிப்பழத்தின் வாசனை எதனால் வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர், அதே முறையில் ஊர்க் காற்றைக் குளிரவைத்து வடித்துப் பார்த்தார். எரியாமல் தப்பும் பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடும் வெயிலில் வினைபுரிந்து ஓசோன் ஆகிறது என்று தெரிந்தது. ஆகவே வண்டி வாலில் வரும் புகை மட்டுமல்ல குற்றவாளி. சும்மா நிற்கிற வண்டியின் டேங்கிலிருந்து வெயிலில் கிளம்பும் ஆவியும்தான். கலிஃபோர்னியா 1970 மாடலிலிருந்தும், நாடு முழுவதும் 1971 மாடலிலிருந்தும் அந்த ஆவியைப் பிடித்து அடைக்கச் சட்டம் வந்தது.

அடைக்கிற முறை எளிமையானது. டேங்கில் கிளம்பும் ஆவி ஒரு குழாய் வழியாகக் கரி டப்பாவுக்குப் போகிறது. உள்ளே இருப்பது செயலூட்டிய கரி. அதில் ஒரு கிராம் எடுத்தால் உள்ளிருக்கும் நுண்துளைகளின் பரப்பு ஆயிரம் சதுர மீட்டர்வரை வரும். ஆவி அதில் ஒட்டிக்கொள்கிறது. எஞ்ஜின் ஓடும்போது பர்ஜ் வால்வு திறக்கும். வென்ட் வால்வு வழியாக வெளிக்காற்று டப்பாவுக்குள் நுழைந்து, ஒட்டியிருந்த ஆவியை அள்ளிக்கொண்டு எஞ்ஜினுக்குள் போய் எரிந்துவிடும். பர்ஜ் வால்வு சாதாரணமாக மூடியிருக்கும், வென்ட் வால்வு சாதாரணமாகத் திறந்திருக்கும். இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

வண்டியின் கம்ப்யூட்டர் இதைத் தானே சோதித்துக்கொள்கிறது. இரவெல்லாம் நின்று ஆறிய வண்டியைக் காலையில் எடுத்ததும், வென்ட் வால்வை மூடச் சொல்லி, பர்ஜ் வால்வைத் திறந்து, டேங்குக்குள் லேசாக வெற்றிடம் உண்டாக்கும். பிறகு பர்ஜ் வால்வையும் மூடிவிட்டு, டேங்க் மேல் இருக்கும் அழுத்த சென்சாரைக் கவனிக்கும். வெற்றிடமே பிடிக்கவில்லை என்றால் பெரிய கசிவு, பி0455. பிடித்து மெல்ல இறங்கினால் சிறு கசிவு, பி0442. அது சுமார் 1 மில்லிமீட்டர் துளை. அதைவிடப் பொடியது பி0456, அரை மில்லிமீட்டர். என் மகளின் மெக்கானிக்கல் பென்சிலுக்குள் போடும் லெட் அந்தக் கனம்தான். அவ்வளவு சின்ன ஓட்டையை, எழுபது எண்பது லிட்டருக்கு மேல் பிடிக்கும் டேங்கில், ஓடுகிற வண்டி கண்டுபிடிக்கிறது. எனக்கு இன்றைக்கும் அது பெரிய விஷயமாகத்தான் தோன்றுகிறது.

ஆனால் ஓட்டை எவ்வளவு பெரிது என்று மட்டும்தான் அந்த எண் சொல்லும். எங்கே இருக்கிறது என்று சொல்லாது.

இங்கேதான் நான் தப்புப் பண்ணினேன். பி0455 என்றால் முதலில் பெட்ரோல் மூடியை மாற்று என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது நியாயமான யோசனைதான், பல வண்டிகளில் மூடியின் ரப்பர் வளையம்தான் காய்ந்துபோயிருக்கும். 15 டாலருக்குப் புது மூடி வாங்கிப் போட்டு, ரீடரால் எண்ணை அழித்தேன். பத்தே நாளில் விளக்கு திரும்ப வந்தது. அடுத்து பர்ஜ் வால்வு. அது 40 டாலர். பழைய வால்வு கெட்டதா இல்லையா என்று பார்க்காமலே மாற்றினேன். டிசம்பர் முதல் வாரம் மறுபடி எண்ணை அழித்தேன். விளக்கு வரவில்லை. ஜனவரி போயிற்று, பிப்ரவரி போயிற்று. வாடையும் இல்லை. சரியாகிவிட்டது என்றே நம்பினேன், நண்பர் ஒருவருக்கு அதே வால்வைச் சிபாரிசுகூடச் செய்தேன்.

மார்ச் கடைசியில், வெயில் கொஞ்சம் தலைகாட்டிய வாரம், விளக்கு திரும்ப எரிந்தது.

நடந்தது இதுதான். இந்தச் சோதனையைக் கம்ப்யூட்டர் எல்லா நாளும் செய்வதில்லை. டேங்கில் 15 சதவீதத்துக்கு மேல், 85 சதவீதத்துக்குக் கீழ் பெட்ரோல் இருக்க வேண்டும். வண்டி நன்றாக ஆறியிருக்க வேண்டும். என்னுடையதைப் போன்ற வண்டிகளில் வெளிக்குளிர் 4 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் சோதனையே நடக்காது. ஈரி ஏரிக் காற்று அடிக்கும் எங்கள் ஊரில் டிசம்பர் முதல் மார்ச் வரை விடியற்காலை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மூன்று மாதம் யாரும் பரீட்சையே வைக்கவில்லை, நான் பாஸ் ஆகிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். ரீடரில் ‘மானிட்டர்’ என்று ஒரு பக்கம் இருக்கும். அதில் ஈவாப், அதாவது ஆவி அடக்கும் அமைப்பு, என்ற வரிக்கு எதிரே ‘முடியவில்லை’ என்று அத்தனை நாளும் எழுதியிருந்தது. அதை நான் திறந்து பார்த்திருக்க வேண்டும்.

அதே வாரம் தபாலில் ஈ-செக் சீட்டு வந்தது. கிளீவ்லாந்து, ஆக்ரன் சுற்றிய ஏழு கவுண்டிகளில் வண்டிகளுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இந்த மாசுச் சோதனை. ஒற்றைப்படை மாடல் ஒற்றைப்படை ஆண்டில், இரட்டைப்படை மாடல் இரட்டைப்படை ஆண்டில். 2003 வண்டிக்கு 2025. சோதனைக்குக் காசு இல்லை. ஆனால் செக் எஞ்ஜின் விளக்கு எரிந்தால் ஃபெயில். ஃபெயில் ஆனால் பதிவு புதுப்பிக்க முடியாது. ஒஹையோவில் பதிவு முடிவது உரிமையாளரின் பிறந்தநாளில், எனக்கு அது மே மாதம்.

ஒரு கடையில் கொண்டுபோய்க் காட்டினேன். எண்ணைப் படித்துவிட்டு, கரி டப்பா, இரண்டு வால்வு, மூடி எல்லாம் மாற்ற 1,400 டாலர் ஆகும் என்றார்கள். கசிவு எங்கே என்று கேட்டேன். எல்லாவற்றையும் மாற்றிவிட்டால் போய்விடும் என்றார்கள். வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்று ராத்திரி எனக்கு என் தாய்மாமா ஞாபகம் வந்தது. லாரிக்குப் பேர் போன நாமக்கல்லில், சேலம் ரோட்டில், அவருக்குப் பஞ்சர் கடை இருந்தது. ஆறாம் வகுப்பு லீவில் நான் அங்கேதான் கிடப்பேன். டியூபில் காற்றடித்து, தண்ணித் தொட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக முக்கிக்கொண்டே வருவார். “குமுளி எங்க வருதுன்னு பாக்காம சொரண்டாத கண்ணு” என்பார். உப்புத்தாள் போட்டுச் சுரண்டுவதும் பேட்ச் ஒட்டுவதும் அதற்கப்புறம்தான். ஒன்று ஒட்டினதும் கடையை மூடிவிட மாட்டார். “பெருசு இருக்கறப்ப சின்னது தெரியாது, மறுபடி முக்கு” என்பார். நான் மூடியும் வால்வும் வாங்கிய கதை, தொட்டியில் முக்காமலே டியூபெல்லாம் பேட்ச் ஒட்டியதுதான்.

பெட்ரோல் டேங்கைத் தொட்டியில் முக்க முடியாது. அதற்குப் பதில் புகை விடுவார்கள். எதிர்வீட்டுப் பெரியவர் முப்பது வருஷம் மெக்கானிக்காக இருந்தவர். விஷயத்தைச் சொன்னதும் அவருடைய கொட்டகையிலிருந்து புகைக் கருவியையும் ஒரு நைட்ரஜன் சிலிண்டரையும் தள்ளிக்கொண்டு வந்தார். கருவிக்குள் மினரல் ஆயிலைச் சூடாக்கி வெள்ளைப் புகை உண்டாக்கி, நைட்ரஜனோடு கலந்து அனுப்பும். அழுத்தம் அரை பிஎஸ்ஐ, அவ்வளவுதான். வாயால் பலூன் ஊதுவதைவிடக் குறைவு. ஒரு பிஎஸ்ஐக்கு மேல் போனால் நல்ல பாகமே கிழிந்துவிடும் என்றார்.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பெயின்ட் டப்பாவில் புகைக் கருவி செய்து, டயருக்கு அடிக்கும் கம்ப்ரெசர் காற்றை இணைப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பெட்ரோல் ஆவி இருக்கும் டேங்குக்குள் காற்றைச் செலுத்துவது, தீப்பற்றத் தேவையான ஆக்சிஜனை நாமே கொண்டுபோய்க் கொடுப்பது. நைட்ரஜனோ கார்பன்-டை-ஆக்சைடோதான் விட வேண்டும். நாங்கள் வேலை செய்தது திறந்த வாசலில். சிகரெட் இல்லை, ஹீட்டர் இல்லை, கையெட்டும் தூரத்தில் தீயணைப்பான். இது முடியாதவர்கள் புகைச் சோதனை செய்யும் கடையாகப் பார்த்துப் போய், சோதனைக்கு மட்டும் கூலி கொடுங்கள். நூறு டாலருக்கு முன்னே பின்னே ஆகும். தெரியாமல் வாங்கும் பாகங்களைவிட அது மலிவு.

புகை விடுவதற்கு முன்பு பெரியவர் அழுத்த சென்சாரைப் பார்க்கச் சொன்னார். மூடியைத் திறந்துவைத்தால் டேங்குக்குள்ளும் வெளியிலும் ஒரே அழுத்தம். அப்போது என் வண்டியில் 1.5 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். காட்டியது. தராசு சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதானே சாமானை நிறுக்க முடியும்?

பானெட்டுக்குள், பர்ஜ் வால்வுக்குப் பக்கத்தில், பச்சை மூடி போட்ட ஒரு சோதனை வாய் இருக்கிறது. அதில் குழாயை மாட்டினோம். கருவியின் முகப்பில் கண்ணாடிக் குழலுக்குள் ஒரு குண்டு. கசிவு எவ்வளவோ அவ்வளவு உயரம் அது எழும்பும். மாட்டியதும் உச்சிக்குப் போய் நின்றது.

முதல் குமிழி வென்ட் வால்வு. என் வண்டியில் அது பின்சக்கரத்துக்கு அருகே, ஸ்டெப்னி டயருக்கு முன்னால், சேஸிஸ் மேல் உட்கார்ந்திருக்கிறது. குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பும் சேறும் நேராக அங்கேதான் தெறிக்கும். ஸ்கேனரால் மூடச் சொன்னால் ‘டிக்’ என்று சத்தம் கேட்கிறது. மல்டிமீட்டரில் சுருளும் நன்றாக இருக்கிறது. ஆனால் மூடிய வால்வின் வாயிலிருந்து புகை கொட்டுகிறது. கழற்றிப் பார்த்தால் உள்ளே உப்பும் துருவும் கட்டி தட்டிப்போய், மூடி அதன் இருக்கையில் உட்காரவே இல்லை. கம்பியில் கோளாறு இருந்தால் கம்ப்யூட்டர் வேறு எண் கொடுத்திருக்கும். இது உடம்பில் இருந்த கோளாறு, கரண்டுக்குத் தெரியாது. சத்தம் கேட்டால் வால்வு நன்றாயிருக்கிறது என்று நினைக்காதீர்கள். கரண்டு கொடுத்துக்கொண்டே அதன் வாயில் ஊதிப் பாருங்கள். காற்று போனால் குப்பைதான். புது வால்வு 45 டாலர். அதைப் பழைய இடத்தில் வைக்காமல், இரண்டடி ஹோஸ் போட்டு, மேலே சேறு படாத மூலையில் ஒரு சின்ன ஃபில்டரோடு கட்டினோம்.

பழைய வால்வைக் கழற்றிய ஹோஸை வெள்ளைத் தாளில் தட்டிப் பார்த்தோம். கரிப்பொடி விழுந்தால் டப்பா உடைந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு பொட்டுக்கூட விழவில்லை. 1,400 டாலர் கணக்கில் பெரிய பங்கு அந்த டப்பாவுக்குத்தான்.

மறுபடி புகை. குண்டு பாதி இறங்கியது, அதற்குமேல் இறங்கவில்லை. இப்போது இடது பின்சக்கரத்துக்கு மேலே, உள்பக்கத்திலிருந்து நூலாகப் புகை. பெட்ரோல் ஊற்றும் குழாய் அங்கேதான் பெட் என்கிற சரக்குத் தொட்டியின் சுவருக்குள் இறங்குகிறது. வெளியிலிருந்து பார்த்தால் வாய்ப்பக்கம் பளபளவென்று இருக்கிறது. உள்ளே, குழாயைத் தாங்கும் பட்டைக்கு அடியில், இருபது குளிர்காலத்தின் உப்புச் சேறு அடைந்து கிடக்கிறது. ஸ்க்ரூ டிரைவர் முனையால் சுரண்டினேன், தகடு அப்பளம் மாதிரி பொரிந்து விழுந்தது. வீட்டில் அடித்த வாடை இங்கிருந்துதான். டேங்க் நிறைத்துவிட்டு வந்த நாட்களில் அது ஏன் அதிகமாக இருந்தது என்றும் விளங்கியது.

எபாக்சி பூசிச் சமாளிக்கலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். துரு தின்ற தகட்டின்மேல் எதைப் பூசினாலும் அடுத்த குளிர் வரைக்கும்தான் நிற்கும். பெட்ரோல் போகிற பாதையில் தற்காலிகம் என்பதே கூடாது. புதுக் குழாய் 70 டாலர், புது கிளாம்புகள். மதியம் மூன்று மணிக்குள் மாட்டி முடித்தேன். பெரியவர் ஓய்வெடுக்கப் போய்விட்டார், கருவியை என்னிடமே விட்டுவிட்டு.

மூன்றாவது முறை புகை விட்டபோது குண்டு அடியில் கிடந்தது. கிட்டத்தட்ட அடியில். உற்றுப் பார்த்தால் லேசாகத் துடிக்கிறது. புகை எங்கும் தெரியவில்லை. எண்ணை அழித்து ஓட்டினேன். ஐந்து நாளில் எண் வந்தது, ஆனால் இந்த முறை பி0442. பெரிது போனதும் சின்னது தெரிந்தது. எனக்கு அன்று உண்மையிலேயே சந்தோஷம். முதல் இரண்டும் தீர்ந்தன என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

சாயங்காலம் இருட்டினதும், வண்டிக்கு அடியில் படுத்து, புகை விட்டுக்கொண்டே டார்ச் வெளிச்சத்தைக் குறுக்கே பாய்ச்சினேன். டேங்குக்கும் பெட்டின் தரைக்கும் நடுவில், பெட்ரோல் பம்ப் உட்காரும் இடத்தில், ஊதுபத்திப் புகை மாதிரி ஒன்று எழுந்து கலைந்தது. பகலில் எத்தனை முறை பார்த்திருந்தாலும் அது கண்ணுக்குப் பட்டிருக்காது.

அங்கே கை போக இடமில்லை. டேங்கை இறக்குவது ஒரு வழி. ஆனால் துருப்பிடித்த பட்டைகளில் தொங்கும் டேங்கைத் தனியாளாக ஜாக்கியில் இறக்குவது ஆபத்து. பிக்கப்பில் வேறு வழி இருக்கிறது, பெட்டையே தூக்கிவிடலாம். சரக்கு ஏற்றும் அந்தத் தொட்டி சேஸிஸ் மேல் எட்டு போல்ட்டில்தான் உட்கார்ந்திருக்கிறது. மூன்று நாள் காலையும் மாலையும் துரு இளக்கும் எண்ணெய் அடித்துவைத்தேன். ஏழு போல்ட் கழன்றன, எட்டாவதை அறுத்தேன். பின்விளக்கு வயர், எர்த் பட்டை, ஊற்றும் குழாயின் மூன்று ஸ்க்ரூ, எல்லாவற்றையும் பிரித்தாயிற்று.

சனிக்கிழமை காலை போன் போட்டேன். “வர்றோம்ணே, எத்தனை தடவை எங்க சாமானைத் தூக்கின வண்டி!” என்று ஐந்து தம்பிகள் வந்துவிட்டார்கள். நாலு மூலைக்கு நாலு பேர், நடுவில் இரண்டு பேர். இரண்டடி பின்னால் நகர்த்தி மரக்கட்டைகள் மேல் வைத்தோம். பத்து நிமிஷ வேலை. உள்ளே என் மனைவி வெண்பொங்கல் வைத்திருந்தாள்.

பெட் நகர்ந்ததும் டேங்க் மேல்பக்கம் மேசை மாதிரி முன்னால் இருந்தது. பம்பை இறுக்கிப் பிடிக்கும் இரும்பு வளையம் துருவேறிக் கிடந்தது, அதன் அடியில் ரப்பர் ஓ-ரிங் சப்பையாக நசுங்கி ஓரிடத்தில் வெடித்திருந்தது. பேட்டரியைக் கழற்றி, லைனில் இருந்த பெட்ரோல் அழுத்தத்தை முதலிலேயே இறக்கியிருந்தேன். சுற்றிலும் இருந்த துருத்தூளைத் துடைத்தெடுத்த பிறகே வளையத்தைத் தொட்டேன், இல்லையென்றால் அத்தனையும் டேங்குக்குள் விழும். வளையத்தைத் தட்டித் திருப்பப் பித்தளைக் கம்பிதான் பயன்படுத்த வேண்டும். இரும்பில் இரும்பு பட்டால் பொறி வரும். புது வளையமும் ஓ-ரிங்கும் சேர்த்து 22 டாலர். பெட்டைத் திரும்ப வைப்பதற்கு முன்பே ஒருமுறை புகை விட்டேன். குண்டு அடியில் படுத்தது, துடிக்கவில்லை. தம்பிகளில் ஒருவர் கைதட்டினார்.

அதன் பிறகு நான் அவசரப்படவில்லை. டேங்கில் பாதி பெட்ரோல். இரவு முழுக்க வெளியே நிறுத்தி, காலையில் எடுத்து, இருபது நிமிஷம் சீராக ஓட்டுவது. மூன்றாம் நாள் காலை, 11 டிகிரி குளிரில், ஈவாப் மானிட்டர் ‘முடிந்தது’ என்று மாறியது. 2001 மற்றும் அதற்குப் பிந்தைய வண்டிகளில் ஒரு மானிட்டர் முடியாமல் இருந்தாலும் ஈ-செக்கில் அனுமதிப்பார்கள். எண்ணை அழித்துவிட்டு, அந்த ஒன்றை ஈவாப்பாக விட்டுவைத்து, விளக்கு திரும்ப எரிவதற்குள் ஓடிப்போய்ச் சோதனை முடிப்பவர்கள் உண்டு. அவர்களுக்குச் சீட்டு கிடைக்கும். வீட்டில் வாடை இருக்கும்.

நிலையத்தில் எட்டு நிமிஷம்கூட ஆகவில்லை. பாஸ். செலவு மூடி 15, பர்ஜ் வால்வு 40, வென்ட் வால்வு 45, குழாய் 70, வளையம் 22, ஹோஸ், ஃபில்டர், கிளாம்பு வகையில் 25. மொத்தம் 217 டாலர். அதில் முதல் 55 தேவையே இல்லாதது.

ஊரில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. இது அமெரிக்க டிரக் விவகாரம் என்று தள்ளிவிடாதீர்கள். 2020 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் விற்கும் பிஎஸ்-6 பைக்கிலும் ஸ்கூட்டரிலும் பெட்ரோல் ஆவிக்கும் அளவு வைத்திருக்கிறார்கள். சீட்டுக்கு அடியிலோ பக்கத்திலோ இருக்கும் அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் டப்பா அதற்காகத்தான். அதை வேண்டாத சாமான் என்று யாராவது கழற்றச் சொன்னால் விடாதீர்கள்.

இன்னொன்று, பங்கில் டேங்க் நிறைந்து முனை தானாக நின்ற பிறகு, ரவுண்டாக வரட்டும் என்று மறுபடி மறுபடி அழுத்துகிற பழக்கம். பத்து வருஷம் நானும் அதைச் செய்தேன். கரி டப்பா ஆவிக்காகச் செய்தது, திரவ பெட்ரோல் அதற்குள் போனால் கரி ஊறி உடைந்து தூளாகி, வால்வு வரைக்கும் போய் அடைத்துக்கொள்ளும். அளவு சொல்லிப் போடுங்கள், அல்லது முனை நின்றதும் “போதுங்க” என்று சொல்லிவிடுங்கள்.

வண்டி இப்போது மறுபடி கேரேஜுக்குள் நிற்கிறது. அடுத்த ஈ-செக் 2027-இல்.